சங்கிலியின் நீளம்

நவம்பரில் வந்தவர்கள் இரண்டு பேர்.
கழுத்தில் அட்டை, அட்டையில் முகம்,
முகத்தில் அவசரம்.
"கீழ் வீட்டில் ஒழுகுகிறது, அம்மா,
உங்கள் குழாயைப் பார்க்கணும்,
இரண்டே நிமிடம்."
இரவெல்லாம் டிராம் ஓட்டிவிட்டு
அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தேன்.
பாதித் தூக்கத்தில் இருப்பவளுக்கு
எந்த அட்டையும் அசல் அட்டைதான்.

ஒருவன் என்னைச் சமையலறையில் நிறுத்தினான்.
திறங்கள் என்றான், மூடுங்கள் என்றான்,
நிறம் மாறுகிறதா,
கண்ணை எடுக்காமல் பாருங்கள் என்றான்.
பார்த்தேன்.
போஸ்னான் நகரத்துத் தண்ணீரை
நாற்பத்தொன்பது வருடத்தில்
அவ்வளவு உன்னிப்பாக நான் பார்த்ததில்லை.
மற்றவன் குளியலறையில் இருப்பதாகச் சொன்னான்.
என் வீட்டில்
குளியலறைக்குப் போகிற வழியில்
படுக்கையறை கிடையாது.

போனது, பல் கட்ட வைத்திருந்த பணம்.
குளிர்கால பூட்ஸுக்குள், உறைக்குள்,
மூவாயிரத்து இருநூறு ஸ்வோட்டி.
போலீஸ்காரர் கேட்டார்,
"பூட்டை உடைத்தார்களா?"
"இல்லை. நான்தான் திறந்தேன்."
அந்த ஒரு வரியை எழுத மட்டும்
அவர் பேனாவுக்கு ஏன்
அவ்வளவு நேரம் பிடித்ததோ.

மூன்றாம் மாடி செவெரின்
கதவுச் சங்கிலி வாங்கி வந்து
தானே மாட்டிக் கொடுத்தார்.
திருகாணியை முடுக்கிக்கொண்டே
"என்னை எவனும் ஏமாற்ற முடியாது" என்றார்.
நான் வாயைத் திறக்கவில்லை.
இலவச விருந்து என்று கூப்பிட்டவர்களிடம்
ஒரு மாதப் பென்ஷனைக் கொடுத்து
அவர் வாங்கி வந்த கம்பளிப் போர்வையை
இந்தக் கட்டடமே அறியும்.

பிறகு தபால்காரருக்கும் திறக்கவில்லை.
ஜனவரியில் வீடு வீடாக ஆசி சொல்ல வந்த
பாதிரியாரிடம்
சங்கிலி இடைவெளி வழியே
அடையாள அட்டை கேட்டேன்.
கூட வந்த பையன் சிரித்துவிட்டான்.
பாதிரியார் சிரிக்கவில்லை.
அங்கியைத் தூக்கி
கால்சட்டைப் பையில் வெகுநேரம் துழாவி
எடுத்துக் காட்டினார்.

மார்ச்சில், மழையோடு, இன்னொரு மணி.
"எரிவாயு மீட்டர் பார்க்க வந்திருக்கிறேன்."
சங்கிலியின் நீளத்துக்கு ஒரு மனிதன்:
பாதி மூக்குக்கண்ணாடி, ஒரு காது,
நனைந்த தோள்.
"சந்தேகம் என்றால் இந்த எண்ணில் கேளுங்கள்,"
அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பினான்.
வேலிக்கு ஓணான் சாட்சி.
"பழைய பில்லில் இருக்கிற எண்ணைத்தான் கூப்பிடுவேன்.
ஆகிற நேரம் ஆகட்டும்."
"ஆகட்டும்" என்றான்.
கதவைச் சாத்தினேன்.

உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்றது ஒரு குரல்.
பிறகு பியானோ.
மறுபடி முக்கியம், மறுபடி பியானோ.
பதினொரு நிமிடம்.
கதவுக் கண்ணில் பார்த்தேன்.
படிக்கட்டில் உட்கார்ந்து
காகிதத்தைப் பிரித்து
முட்டை வைத்த ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.
நிமிர்ந்து என் கதவைப் பார்க்கவே இல்லை.
தின்று முடித்ததும்
படியில் உதிர்ந்ததையெல்லாம்
விரலால் ஒற்றி ஒற்றி எடுத்து
காகிதத்தில் மடித்துக்கொண்டான்.

"ஆமாம், லூபோமிர் வ்ரோனா,
இன்று உங்கள் தெருதான்" என்றாள்
கடைசியில் ஒரு பெண்.
சங்கிலியைக் கழற்றும்போது
கை கொஞ்சம் நடுங்கியது.
அவளும் சேர்ந்து நடித்தால்?
செருப்பின் மேல் நீல உறை மாட்டி உள்ளே வந்தான்.
மீட்டர் எண்ணை உரக்கப் படித்தான்,
எழுதினான்.
"நேற்று ஒரு வீட்டில்
நாயை அவிழ்த்துவிட்டார்கள்.
நீங்கள் எவ்வளவோ தேவலாம்" என்று
மழைக்குள் போய்விட்டான்.

பூட்டினேன். சங்கிலி மாட்டினேன்.
போய் பூட்ஸுக்குள் கையை விட்டேன்.
நவம்பருக்குப் பிறகு
அதில் நான் எதுவும் வைப்பதில்லை.
தெரிந்தும்
நுனிவரை விரலை விட்டுத் தேடினேன்.
பிறகு இடது பூட்ஸிலும்.
அதற்குப் பிறகுதான் தூங்கப் போனேன்.